ஆர்ச்சி பங்கரைப் பார்த்துச் சிரித்த அமெரிக்கா, தோட்டத்துப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும் நாங்கள்

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஹட்டனிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது, சுருக்கித் தருகிறேன். "அமெரிக்காவில் 'ஆல் இன் த ஃபேமிலி' என்று ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடர் வந்தது. வீட்டுத் தலைவர் கறுப்பர், யூதர், வெளிநாட்டுக்காரர் என்று எல்லாரையும் வாய்க்கு வந்தபடி பேசுகிறார். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விருது கொடுத்தார்கள், நாடே பார்த்தது. இங்கே ஒரு நகைச்சுவை நாடகத்தில் யாராவது தோட்டத்து ஆள் மாதிரி இரண்டு வரி பேசிவிட்டால் மலையகத்தை அவமதித்துவிட்டார்கள் என்று கிளம்பிவிடுகிறோம். எங்களுக்குச் சிரிக்கத் தெரியாதா சார்?"

நியாயமான கேள்விதான் தம்பி, கோபப்பட்டுத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதில் வரும் வரலாற்றை நீங்கள் கொஞ்சம் அவசரத்தில் சொல்லிவிட்டீர்கள். எல்லா விமர்சகர்களும் கொண்டாடவில்லை. நாடே பார்த்தது என்பது சரி, ஆனால் நாடே ஒரே ஆளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால் உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்கும் பதில் வந்துவிடும். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. 1971 ஜனவரி 12ஆம் திகதி சிபிஎஸ் அலைவரிசையில் தொடங்கி 1979 வரை ஓடியது. நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஒரு சின்ன வீடு. ஆர்ச்சி பங்கர் சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் ஃபோர்மன். மனைவி ஈடித், மகள் குளோரியா, மருமகன் மைக். மருமகன் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான், சம்பாத்தியம் இல்லை, இருப்பதும் உண்பதும் மாமனார் வீட்டில், அரசியலில் மட்டும் மாமனாருக்கு நேர் எதிர். இந்த நாலு பேரையும் ஒரே கூடத்தில் அடைத்து வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் கதை. உருவாக்கியவர் நோர்மன் லியர். மூலம் அவருடையதல்ல, பிபிசியில் ஜோனி ஸ்பைட் எழுதிய 'டில் டெத் அஸ் டூ பார்ட்' என்ற தொடர். அமெரிக்கப் பதிப்பை முதலில் எடுக்கச் சொன்னது ஏபிசி. 1968இலும் 1969இலும் இரண்டு மாதிரி அத்தியாயங்களைப் பார்த்துவிட்டு இரண்டு தடவையும் பயந்து கைவிட்டது.

எடுத்துக்கொண்ட சிபிஎஸ்ஸும் பயமில்லாமல் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் தொடருக்கு முன்னால் ஓர் அறிவிப்புப் போட்டார்கள். எங்கள் பலவீனங்களையும் தப்பெண்ணங்களையும் நகைச்சுவையால் வெளிச்சம் போட்டுக் காட்டுவதே நோக்கம் என்கிற மாதிரி, ஒரு மன்னிப்புக்கும் விளக்கத்துக்கும் நடுவில் நிற்கும் அறிவிப்பு. திட்டி வரப்போகும் அழைப்புகளை எடுக்கக் கூடுதலாகத் தொலைபேசி ஆட்களையும் உட்கார வைத்தார்கள். பயந்த வெள்ளம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், ஆரம்பத்தில் பெரிதாக யாரும் கவனிக்கவே இல்லை. அந்த மே மாதம் எம்மி விருது விழாவில் சிறந்த நகைச்சுவைத் தொடர், சிறந்த புதிய தொடர், சிறந்த நடிகை என்று விருதுகள் விழுந்தன. கோடையில் மறு ஒளிபரப்பு வந்தது, ஒருவர் சொல்லி ஒருவர் பார்த்தார்கள். 1971-72 பருவத்திலிருந்து தொடர்ந்து ஐந்து பருவம் அமெரிக்காவின் முதலிடத் தொடர் அதுதான். முதலிடம் பிடித்த அந்த முதல் பருவத்தில் டிவி இருந்த வீடுகளில் சராசரியாக மூன்றில் ஒன்று அதைத்தான் போட்டு வைத்திருந்தது. அதற்கு முன் எந்தக் குடும்ப நகைச்சுவையும் தொடாத விஷயங்களை வைத்துக்கொண்டு இந்த இடத்துக்கு வந்தது என்பதை மறக்கக் கூடாது.

சரி, விமர்சகர்கள். வெரைட்டி பத்திரிகை தலையில் தூக்கி வைத்தது. லைஃப் இதழின் டிவி விமர்சகரோ இதெல்லாம் ஒரு நிகழ்ச்சியா என்ற தொனியில் கிழித்துத் தொங்கவிட்டார். கறுப்பின மக்களின் நகர்ப்புற உரிமை அமைப்பான நேஷனல் அர்பன் லீக்கின் தலைவர் விட்னி யங், நாடு இப்படிப் பிளந்து கிடக்கும் நேரத்தில் இதைக் காட்டுவது பொறுப்பற்ற வேலை என்று எழுதினார். இன்னொரு பக்கம் கறுப்பினத்தவர்கள் பலர், எங்களைப் பற்றி வெள்ளைக்காரன் வீட்டுக்குள் என்ன பேசுகிறான் என்று ஒருமுறையாவது வெளியே வரட்டும் என்றும் ரசித்தார்கள். ஆக நீங்கள் நினைப்பது போல 'அவர்களுக்குச் சிரிக்கத் தெரியும், எங்களுக்குத் தெரியாது' என்ற பிரிவு அங்கேயே இல்லை. இன்றைக்கு நாங்கள் போடும் அதே சண்டையை அவர்கள் ஐம்பது வருடத்துக்கு முன்னால் போட்டிருக்கிறார்கள், எங்களைவிடச் சத்தமாக.

அந்தச் சண்டையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி லோரா ஹொப்சன் எழுதிய கட்டுரை. யூத வெறுப்பைப் பற்றி 1947இலேயே பெயர்பெற்ற நாவல் எழுதியவர், அதனால் விஷயம் தெரியாமல் பேசுகிறார் என்று யாரும் ஒதுக்க முடியாது. 1971 செப்டம்பரில் நியூயோர்க் டைம்ஸில் அவர் கேட்டது இதுதான்: ஆர்ச்சி வாயில் வருகிற வசைச்சொற்கள் எல்லாம் ஏன் இவ்வளவு மென்மையாக இருக்கின்றன? நிஜமான இனவெறியன் வீட்டில் என்னென்ன சொல் பேசுவான் என்று எல்லாருக்கும் தெரியும். மிக மோசமான சொற்களை வடிகட்டி எடுத்துவிட்டு, அரைச் சூட்டில் இருப்பதை மட்டும் ஆர்ச்சிக்குக் கொடுத்து, அவனை ஓர் அன்பான கிழட்டு முரடனாக மாற்றிவிட்டீர்கள். இப்படிச் செய்தால் வெறுப்பைக் கழுவித் துடைத்துச் சபைக்கு ஏற்றதாக ஆக்கியதாகாதா?

லியர் அடுத்த மாதமே அதே பத்திரிகையில் பதில் எழுதினார். அவருடைய வாதத்தின் சாரம், தப்பெண்ணம் பிடித்தவன் எப்போதும் கொம்பு முளைத்த பூதமாக இருப்பதில்லை, எங்கள் வீட்டிலேயே எங்களுக்குப் பிடித்த ஆளாக உட்கார்ந்திருப்பான் என்பதுதான். இதை அவர் சொந்த வீட்டிலிருந்து எடுத்துச் சொல்ல முடிந்தது. லியரின் அப்பாவும் இப்படித்தான். மனைவியை வாயை அடக்கு என்று அதட்டுவார், மகனைப் பார்த்து நான் பார்த்ததிலேயே சோம்பேறி வெள்ளைக்காரப் பையன் நீதான் என்பார். என்னைச் சோம்பேறி என்று சொல்ல ஏன் இன்னோர் இனத்தையே இழுக்கிறீர்கள் என்று மகன் கேட்டால் அதற்கும் கத்துவார். ஆர்ச்சியும் மைக்கும் கூடத்தில் போடும் சண்டை அங்கிருந்து வந்தது.

இந்த இரண்டு பேரில் யார் சரி? என்னைக் கேட்டால், பாத்திரத்தைப் பற்றி லியர் சொன்னது சரி, பார்வையாளரைப் பற்றி ஹொப்சன் சொன்னது சரி. ஏன் என்றால் 1974இல் நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைக் களத்தில் இறங்கிக் கேட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவில் பதின்வயதுப் பிள்ளைகளிடமும் கனடாவில் வளர்ந்தவர்களிடமும் முதலில் அவர்கள் எவ்வளவு தப்பெண்ணம் உள்ளவர்கள் என்று அளந்தார்கள், பிறகு தொடரைப் பற்றிக் கேட்டார்கள். தப்பெண்ணம் கூடியவர்கள், குறைந்தவர்கள் இரு தரப்பும் தொடரை ரசித்திருக்கிறது. ஆனால் ரசித்த விதம் வேறு. குறைந்தவர்களுக்கு அது ஆர்ச்சியைக் கேலி செய்யும் தொடர். கூடியவர்களுக்கு ஆர்ச்சி உள்ளதைப் போட்டு உடைக்கும் ஆள், மருமகனைவிட நியாயம் பேசுகிறவர், கடைசியில் பெரும்பாலும் வெல்கிறவரும் அவரேதான். அமெரிக்கப் பிள்ளைகளில் தப்பெண்ணம் கூடியவர்களே தொடரை அடிக்கடியும் பார்த்தார்கள். ஒரே அத்தியாயம், ஒரே வசனம், ஒரே இடத்தில் சிரிப்பு. ஆனால் ஒரு வீட்டில் ஆர்ச்சியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், பக்கத்து வீட்டில் ஆர்ச்சியோடு சேர்ந்து சிரிக்கிறார்கள்.

இதற்கு வெள்ளை மாளிகையிலேயே சாட்சி உண்டு. 1971 மே மாதம் நிக்ஸன் ஓர் அத்தியாயம் பார்த்துவிட்டுத் தன் உதவியாளர்களிடம் புலம்பியது ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. ஆர்ச்சி மதிக்கிற வாட்டசாட்டமான பழைய கால்பந்தாட்டக்காரர் ஒருவர் தன்பாலினத்தவர் என்று தெரியவருகிற அத்தியாயம் அது. தொடர் ஆர்ச்சியின் குருட்டுத்தனத்தைக் காட்டுகிறது, ஜனாதிபதிக்கோ ஒரு நல்ல மனிதனை முட்டாளாக்குகிறார்களே என்று ஆத்திரம். அடுத்த வருடத் தேர்தல் காலத்தில் 'ஆர்ச்சி பங்கரை ஜனாதிபதியாக்குவோம்' என்று பட்ஜும் டீசேர்ட்டும் அடித்து விற்றார்கள். வாங்கிப் போட்டுக்கொண்டவர்களில் எத்தனை பேர் கிண்டலுக்குப் போட்டார்கள், எத்தனை பேர் மனதாரப் போட்டார்கள் என்று பிரித்துச் சொல்ல எந்த வழியும் கிடையாது.

பிரிட்டனிலும் இதே கூத்துதான். அங்கே மூலத் தொடரின் ஆர்ச்சியான ஆல்ஃப் கார்னெட்டாக நடித்த வொரன் மிச்செல் யூதர், இடதுசாரி. வெளிநாட்டுக்காரர்களை நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கினீங்க என்று தெருவில் கைகுலுக்க வருகிறவர்களிடம், வாங்கியது உங்களைத்தான் என்று சொல்ல வேண்டியிருந்ததாம் அவருக்கு. மேற்கு ஜெர்மனி 1973இல் ஆல்ஃபிரட் டெட்ஸ்லாஃப் என்று தனக்கும் ஒருவரைச் செய்துகொண்டது. அங்கேயும் அவர் பிடித்துப்போய்விட்டார். எழுதியவர் கைக்குள் பாத்திரம் நிற்கவில்லை.

அதனால் ஒரு தொடருக்குக் கிடைத்த ரேட்டிங்கையோ விருதையோ காட்டி அது நல்லது செய்தது, கெட்டது செய்தது என்று பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நீல்சன் நிறுவனம் அந்தக் காலத்தில் சுமார் 1,200 வீடுகளில் கருவி பொருத்தி நாட்டையே கணக்குப் போட்டது. பெட்டி எந்த அலைவரிசையில் நின்றது என்று கருவிக்குத் தெரியும். அப்பா எந்த வசனத்துக்குத் தொடையில் தட்டிச் சிரித்தார், அப்போது மகள் ஏன் எழுந்து குசினிக்குப் போனாள் என்பது கருவிக்குத் தெரியாது.

இனி எங்கள் பக்கம் வருவோம்.

மலையகத்துக்காரனுக்குச் சிரிக்கத் தெரியாது என்று சொல்கிறவர், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக் களத்தில் ஒரு நாளும் நின்றிருக்க மாட்டார். லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எதைத்தான் கிண்டல் செய்யவில்லை? தோட்டத்தை நடத்த வந்த வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தமிழ் பழக என்றே தனியாகக் கைநூல் அச்சிட்ட காலம் இருந்தது. அந்தத் துரைமார் பேசிய ஏவல் தமிழை அப்படியே பேசிக் காட்டுகிற தாத்தாமார் எங்கள் தோட்டங்களில் இருந்தார்கள். கங்காணி, கணக்கப்பிள்ளை, முழுப் பேர் போடாமல் அரைப் பேருக்கு, அதாவது அரை நாள் சம்பளத்துக்கு, அனுப்பிவிடுகிற ஆள், தவறணையிலிருந்து திரும்பும் சித்தப்பா, ஒருவரும் தப்பவில்லை. அந்தக் கேலியில் நெருப்பு இருந்தது, ஏனென்றால் அது கீழே இருந்து மேலே போனது.

வட்டாரப் பேச்சை வைத்துச் சிரிக்க வைப்பதும் எங்களுக்குப் புதிதல்ல. 1970களில் இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' ஓடியபோது மரிக்காரும் அப்புக்குட்டியும் உபாலியும் ஆளுக்கொரு தமிழ் பேசினார்கள், முஸ்லிம் வீட்டுத் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ். நாடு முழுக்கக் காது கொடுத்தது, 1976இல் படமாகவும் வந்தது. அதை யாரும் அவமானம் என்று நினைக்கவில்லை. காரணம் ரொம்பச் சாதாரணம்: அந்தப் பாத்திரங்கள் ஒருவர் மற்றவருக்குச் சமமாக நின்று வாயாடினார்கள். மரிக்காருக்கு அப்புக்குட்டி வைத்தால் அப்புக்குட்டிக்கு மரிக்கார் வைப்பார்.

இப்போது டிவியில் வருகிற 'தோட்டத்து ஆளை' யோசித்துப் பாருங்கள், சிங்கள நாடகமோ தமிழ் நாடகமோ. பெரும்பாலும் கொழும்பில் யாரோ ஒருவர் வீட்டு வேலையாள், அல்லது தேத்தண்ணீர்க் கடையில் கிளாஸ் கழுவுகிறவர். தட்டோடு உள்ளே வருகிறார், ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்கிறார், ஒன்றைத் தப்பாகச் சொல்கிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள், வெளியே போகிறார். அவருக்கு ஊர் என்று ஒரு பெயர் இல்லை. அம்மா கிடையாது, கடன் கிடையாது, வீட்டுக்கு ஒரு போன் எடுப்பது கிடையாது. சிரிக்கிறவர்களில் ஒருவரைப் பார்த்து அவர் திருப்பி ஒரு வார்த்தை கேட்பதும் கிடையாது. நடிப்பவரும் பெரும்பாலும் வேறு ஊர்க்காரர், அதனால் அந்தப் பேச்சும் எந்தத் தோட்டத்திலும் யாரும் பேசாத ஒரு பேச்சு.

ஆர்ச்சி தொடரோடு ஒப்பிட வேண்டுமென்றால் இங்கேதான் ஒப்பிட வேண்டும். அங்கே தப்பெண்ணம் பிடித்தவர் கதைக்கு நடுவில், தன் நாற்காலியில், எல்லாருக்கும் தெரிய உட்கார்ந்திருக்கிறார். அவரைக் காட்டித்தான் கதையே. இங்கே தப்பெண்ணம் பிடித்தவர் நாடகத்துக்குள் ஒரு பாத்திரமாக வருவதே இல்லை. அவருடைய கண்தான் கேமரா. எங்களை இழிவாகச் சொல்லும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை யாரும் திரையில் சொல்வதில்லை, சொல்லியிருந்தால்கூட யார் சொன்னது, ஏன் சொன்னது என்று ஒரு கேள்வி வந்திருக்கும். சொல்லாமலே எங்களை அந்த இடத்தில் நிறுத்திவிட்டுச் சிரிக்கச் சொல்வதுதான் இங்கே நடக்கிறது.

அங்கே பக்கத்து வீடும் இருந்தது. ஆர்ச்சியின் பக்கத்து வீட்டுக்கு ஒரு கறுப்பினக் குடும்பம் முதல் பருவத்திலேயே குடிவந்துவிட்டது. மகன் லையனல் முதல் அத்தியாயத்திலிருந்தே வருகிறான், ஆர்ச்சி எதிர்பார்க்கிற கறுப்பனைப் போலவே ஆர்ச்சி முன்னால் நடித்துக் காட்டி அவரை மட்டம் தட்டுகிறான், அது ஆர்ச்சியைத் தவிர எல்லாருக்கும் புரிகிறது. அப்பா ஜோர்ஜ் ஜெஃபர்சன் 1973இல் திரைக்கு வந்தபோது அவரும் ஓர் ஆர்ச்சிதான், வெள்ளைக்காரர்களைப் பற்றி அவருக்கும் வாய் நீளம். 1975இல் அந்தக் குடும்பத்துக்குத் தனித் தொடரே கிடைத்தது, 1985 வரை ஓடியது, மூலத் தொடரைவிட நீண்ட ஆயுள். கேலிக்கு ஆளானவருக்கு வீடு, மனைவி, வியாபாரம், ஆணவம், தோல்வி எல்லாம் இருந்தன. இதையெல்லாம் கொடுத்துவிட்டு எங்களைக் கேலி செய்யுங்கள், நான் முதல் வரிசையில் உட்கார்ந்து சிரிப்பேன்.

ஈடித்தைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. ஆர்ச்சியைப் பற்றி எழுதினவர்கள் ஆயிரம் பேர், ஆனால் பார்வையாளர்கள், குறிப்பாகப் பெண்கள், தொடரோடு ஒட்டிக்கொண்டதில் ஜீன் ஸ்டேபிள்டனுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. தடவைக்குத் தடவை வாயை அடக்கு என்று கேட்டுக்கொண்டு, மேசைக்கும் குசினிக்கும் ஓடிக்கொண்டிருக்கிற மனைவி. 1972 ஜனவரியில் அவளுக்கு மாதவிடாய் நிற்கும் காலம் வந்து மனநிலை தடுமாறுவதை ஒரு முழு அத்தியாயமாக எடுத்தார்கள். அந்த ஆண்டில் ஒரு குடும்பத் தொடரில் அதைப் பற்றிப் பேசினார்கள் என்பதே பெரிய விஷயம். என் வீட்டுப் பெண்களுக்கு அதைப் போட்டுக் காட்டியபோது, ஆங்கிலம் பாதி புரியாமலே, ஆர்ச்சி பொறுமையிழந்து மாறுவதென்றால் சீக்கிரம் மாறித் தொலை என்கிற மாதிரிக் கத்துகிற இடத்தில் என் பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். காலையில் மலைக்குப் போய்க் கொழுந்து பறித்துவிட்டு வந்து, தன் சம்பளத்தைத் தன் கையால் வாங்காமலே பல வருடம் ஓட்டிய மனுஷி அவர். அவர் யாரைப் பார்த்துச் சிரித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிரிப்பு எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் முடிவு செய்யும். லயத்தில் ஒருவர் வீட்டில் மட்டும் டிவி இருந்து, கார் பெட்டரியில் ஓட்டி, இஸ்தோப்பு என்கிற முன் திண்ணை வரைக்கும் ஆள் நிறைந்த காலத்தில், ஐடிஎன் டிவியின் 'கோப்பி கடே' என்ற சிங்கள நாடகத்தைப் பாதிச் சிங்களம் புரிந்தவர்கள் புரியாதவர்களுக்குச் சொல்லிக்கொண்டே பார்ப்பார்கள். பிறகு டிஷ் வந்து சன் டிவி வந்ததும் 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வில் எம்.எஸ். பாஸ்கரின் பட்டாபி எங்கள் வீட்டு ஆளாகிவிட்டார். கூட்டமாகப் பார்க்கும்போது ஒரு வசனம் சுட்டால் உடனே ஒருவர் திரையைப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார், கூட்டம் அந்தப் பதிலுக்கு இன்னும் கூடச் சிரிக்கும். ஆனால் அதே வசனத்தை மறுநாள் டவுன் பாடசாலையில் பக்கத்து மேசைப் பையன் பேசிக் காட்டும்போது தோட்டத்திலிருந்து வருகிற பிள்ளை தனியாக இருக்கிறது. உயர்தர வகுப்புக்கு ஊடகக் கற்கை சொல்லிக்கொடுத்த காலத்தில் இதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வகுப்பில் நன்றாகப் பேசக்கூடிய பிள்ளைகள் 'அங்கிட்டு' 'இங்கிட்டு' என்று வீட்டில் வருகிற சொல்லை வகுப்பில் விழுங்கிவிட்டு, வானொலி அறிவிப்பாளர் மாதிரிப் பேசப் பழகிக்கொண்டார்கள். நாடகம் எழுதினவர் இதை நினைத்து எழுதியிருக்க மாட்டார். ஆனால் நடந்தது இதுதான்.

இதற்காகத் தடை கேட்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வழியையும் அமெரிக்கா முயன்று பார்த்துவிட்டது. 1975இல் குடும்பம் கூடிப் பார்க்கும் முன்னிரவு நேரத்தில் இந்த மாதிரி விஷயங்கள் கூடாது என்று ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் நெருக்குதலோடு ஒரு விதி வந்தது, ஆர்ச்சியைச் சனிக்கிழமை எட்டு மணியிலிருந்து வேறு நேரத்துக்குத் தள்ளினார்கள். லியரும் எழுத்தாளர் சங்கமும் வழக்குப் போட்டார்கள், 1976இல் நீதிமன்றம் அந்த நெருக்குதல் பேச்சுச் சுதந்திரத்துக்கு விரோதம் என்றது. தள்ளிய பருவத்திலும் தொடர் முதலிடத்தில்தான் இருந்தது. தடையால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

எனக்கு வேண்டியது வேறு. எங்களுக்கு ஒரு சொந்த ஆர்ச்சி வேண்டும். அவர் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டாம், ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற தோட்டத் தலைவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கத்துச் சந்தா, மேதினக் கூட்டம், பழைய தலைவர்களோடு எடுத்த போட்டோ எல்லாம் வைத்திருப்பார். துரைக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்ததைச் சொல்லச் சொன்னால் விடிய விடியச் சொல்வார். அதே வாயால் யாழ்ப்பாணத்தான் இப்படி, சிங்களவன் அப்படி, கடை முதலாளி இன்னொரு படி என்று போட்டுத் தள்ளுவார். 200 வருடமாக எங்களை மனுஷனாக மதிக்கவில்லை என்று குமுறுவார், கீழ் லயத்துப் பிள்ளையை மகன் கட்டிக்கொண்டு வந்தால் சாதி கேட்பார். மகள் கொழும்பில் கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலை, மருமகன் பல்கலைக்கழகம் முடித்துவிட்டு வேலை இல்லாமல் அதே இரண்டு காம்பராவுக்குள் இவரோடு. மனைவி நாள் பூராவும் மலையில், வந்து எல்லாருக்கும் ரொட்டி தட்ட வேண்டும். இதைவிட ஒரு சிட்காமுக்கு என்ன வேண்டும்? சண்டை போட இடம்கூடத் தேட வேண்டாம், ஒதுங்கிப் போக வேறு அறை இல்லை.

இதைத் திரையில் போட்டால் அவரோடு சேர்ந்து சிரிக்கிற கூட்டம் ஒன்று கட்டாயம் இருக்கும், விட்மரும் ரோக்கீச்சும் கண்டது இங்கேயும் பொய்யாகப் போவதில்லை. 'தலைவர் உள்ளதைத்தானே சொல்றார்' என்று ஒரு டீசேர்ட்கூட வரலாம். எங்கள் மக்களைக் கேவலப்படுத்திவிட்டார்கள் என்று அறிக்கையும் வரும், வெளியிலிருந்து வருவதைவிட உள்ளிருந்து கூட வரும். ஆனால் அந்தச் சண்டை எங்களுக்குள் எங்கள் பேச்சில் நடக்கும் சண்டையாக இருக்கும், மருமகனும் மனைவியும் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டும் இருப்பார்கள். அந்தச் சண்டைக்கு நான் தயார்.

கடைசியாக, இப்போது பார்த்தால் எடுபடுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். 2019 மே மாதம் ஏபிசி, இரண்டு தடவை வேண்டாம் என்ற அதே ஏபிசி, ஒரு பழைய அத்தியாயத்தை வூடி ஹாரல்சனையும் மரிசா டோமேயையும் வைத்து நேரடி ஒளிபரப்பாக மறுபடி நடித்துக் காட்டியது. ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள், எம்மியும் கிடைத்தது. நோர்மன் லியர் அப்போது 96 வயதில் மேடையில் நின்றார், 2023 டிசம்பரில் 101 வயதில் இறந்தார். எனக்குப் பழைய அத்தியாயங்கள்தான் பிடிக்கும். அந்த நாலு பேரும், கரொல் ஓ'கொன்னர், ஸ்டேபிள்டன், ரொப் ரைனர், சாலி ஸ்ட்ரதர்ஸ் என்று நாலு பேருமே எம்மி வாங்கினவர்கள், அவர்கள் இல்லாமல் அந்த வசனம் பாதிதான் நிற்கிறது. குவீன்ஸ் ஆங்கிலம் முதலில் காதில் ஏறாது, எழுத்தைப் போட்டுக்கொண்டு பாருங்கள். 1972இல் வந்த, கறுப்பினப் பாடகர் சாமி டேவிஸ் ஜூனியர் ஆர்ச்சி வீட்டுக்கு வருகிற அத்தியாயத்தில் தொடங்குங்கள், கடைசி முத்தத்துக்குக் கூடம் சிரித்து ஓயவே நேரம் எடுக்கும். அடுத்து ஈடித்தின் அத்தியாயம். முடிந்தால் தனியாகப் பார்க்காமல் அப்பாவையும் தங்கச்சியையும் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள், யார் எந்த வசனத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.